புனைவில் வரும் குற்றவாளி: ஒருவன் பக்கம் சாய்கிறோம், இன்னொருவனுக்கு அஞ்சுகிறோம், ஏன்?

தாழ்வாரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் குற்றவாளியை மையமாகவோ எதிர்முனையாகவோ கொண்ட படைப்புகளை வரிசையாக வாசித்து வருகிறோம். விக்தோர் ஹ்யூகோவின் ழான் வால்ழான், தஸ்தயேவ்ஸ்கியின் ரஸ்கோல்னிகோவ், கானன் டாயிலின் மோரியார்ட்டி, மொரிஸ் லெப்லானின் ஆர்சேன் லூப்பேன் ஆகிய நால்வரைப் பற்றி இதுவரை பேசி முடித்திருக்கிறோம். சட்டத்தின் முன் நால்வரும் குற்றவாளிகளே. ஆனால் வால்ழானுக்காகக் கண் கலங்குகிறோம், லூப்பேன் தப்பினால் மகிழ்கிறோம், மோரியார்ட்டி அருவியில் விழுந்தால் நிம்மதி அடைகிறோம், ரஸ்கோல்னிகோவை வெறுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் அவனோடு தெருத்தெருவாக அலைகிறோம்.

குற்றத்துக்கான காரணமே இந்த வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது என்று வட்டத்தில் பெரும்பாலோர் சொன்னார்கள். அக்காள் குழந்தைகளின் பசிக்காக ரொட்டி திருடியவனை மன்னிக்கிறோம், பணத்துக்கும் அதிகாரத்துக்கும் ஆசைப்பட்டவனை மன்னிப்பதில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு இது போதவில்லை. செல்வந்தர் மாளிகைக்குள் விருந்தாளியாக நுழைந்து நகைகளோடு வெளியேறும் லூப்பேனுக்குப் பசி எங்கே இருக்கிறது? காரணத்தைத் தவிர வேறு எது வாசகரை ஒரு குற்றவாளியின் பக்கம் இழுக்கிறது? இந்தப் பாத்திர வார்ப்புகள் எங்கே, எப்போது பிரிந்தன? வாசித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய அலமாரி (மறுமொழி)

காரணம் போதாது என்ற உங்கள் ஐயம் நியாயமானது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றவாளியின் கை என்ன வேலை செய்கிறது என்பதைக் கதை அருகிலிருந்து காட்டினால், நம்மையறியாமல் அவன் பக்கம் போய்விடுகிறோம். வேலையை மறைத்து அதன் விளைவையும் வருமானத்தையும் மட்டும் காட்டினால் அஞ்சுகிறோம். இந்த இரண்டு வழிகளும் ஒரே ஊரில், ஏறத்தாழ ஒரே ஆண்டில், இரண்டு உண்மை மனிதர்களின் வாழ்க்கையிலிருந்து ஆங்கிலப் புனைவுக்குள் வந்தன என்பதால் அந்த இருவரிடமிருந்தே தொடங்கலாம்.

முதலாமவன் ஜாக் ஷெப்பர்ட். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் 1702இல் பிறந்து, தச்சுத் தொழில் பயின்று, பிறகு திருட்டில் இறங்கியவன். அவன் திருடியவற்றை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. 1724ஆம் ஆண்டில் மட்டும் நான்கு முறை காவலிலிருந்து தப்பியதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. கடைசித் தப்புதல் அக்டோபர் 15 இரவில், நியூகேட் சிறையின் மிகப் பாதுகாப்பான அறையிலிருந்து நடந்தது. கைவிலங்கைக் கழற்றி, தரையோடு பிணைத்திருந்த சங்கிலியை உடைத்து, புகைபோக்கிக்குள் குறுக்கே பதித்திருந்த இரும்புக் கம்பியைச் சுவரை இடித்துப் பெயர்த்தெடுத்து, அதே கம்பியை ஆயுதமாகக் கொண்டு பூட்டிய கதவுகளை இருட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து அவன் கூரைக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கிருந்து குதித்தால் உயிர் மிஞ்சாது என்று கண்டதும், வந்த வழியே தன் அறைக்குத் திரும்பிப் போய்ப் போர்வையை எடுத்துக்கொண்டு மீண்டும் கூரைக்கு வந்து, அதைக் கட்டிப் பக்கத்து வீட்டுக் கூரையில் இறங்கினான். அந்தப் போர்வையைப் பற்றிக் கேட்ட எவரும் அவன் பிடிபட வேண்டும் என்று அந்த நொடியில் விரும்பியிருக்க மாட்டார்கள். தச்சன் மகன் தச்சு வேலையைச் செய்து காட்டுகிறான். நாம் வேலையைப் பார்க்கிறோம். அடுத்த மாதம் 16ஆம் நாள் டைபர்னில் தூக்கிலிடப்பட்டபோது அவனுக்கு வயது 22தான்.

இரண்டாமவன் ஜோனதன் வைல்ட், ஷெப்பர்டைப் பிடித்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவன். திருடர்களைப் பிடிக்கும் தளபதி என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்டவன். ஊரில் பொருளைப் பறிகொடுத்தவர்கள் அவனுடைய அலுவலகத்துக்குப் போய் முறையிடுவார்கள். அவன் விசாரித்துச் சொல்வதாக அனுப்பிவைத்து, சில நாட்களில் பொருளை மீட்டுத் தந்து வெகுமதி பெறுவான். பொருள் கிடைத்ததில் வியப்பில்லை, ஏனெனில் திருடியவர்களே அவனுடைய ஆட்கள். பேச்சைக் கேட்காத ஆளை நீதிமன்றத்தில் ஒப்படைத்தால், குற்றம் நிரூபணமானதும் அரசு தரும் 40 பவுண்டு அவனுக்குத் தனி வரவு. இவனுடைய கையை எவரும் பார்க்கவில்லை. பூட்டை உடைக்கும் கை அவனுடையதன்று; அவன் கையில் இருந்தது கணக்குப் பேரேடு. திருட்டுப் பொருளைத் திருப்பித் தந்து கூலி வாங்கிய குற்றத்துக்காகவே 1725 மே 24இல் அவனும் தூக்கிலிடப்பட்டான்.

மூன்று ஆண்டுகள் கூட முழுதாகக் கழியவில்லை. 1728 ஜனவரியில் ஜான் கே எழுதிய பிச்சைக்காரரின் இசைநாடகம் லண்டனில் அரங்கேறியது. திரை விலகும்போது பீச்சம் என்பவன் பெரிய கணக்குப் புத்தகத்தின் முன் அமர்ந்து, தன் ஆட்களில் எவனை வைத்துக்கொண்டால் லாபம், எவனைத் தூக்குமேடைக்கு அனுப்பினால் லாபம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன்தான் வைல்ட். அவனுக்கு எதிரே வழிப்பறிக்காரன் மக்ஹீத், சிறையை உடைத்து வெளியேறும் அழகன். பார்வையாளர்கள் பீச்சமின் கணக்கில் பிரதமர் ராபர்ட் வால்போலின் சாயலைக் கண்டு சிரித்தார்கள், மக்ஹீத்தைக் காதலித்தார்கள். சரியாக 200 ஆண்டுகள் கழித்து 1928இல் பெர்லினில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் இதே இருவரையும் மேடைக்கு மீட்டுக் கொண்டுவந்தபோதும் கூட்டம் அப்படியே பிரிந்து நின்றது.

மோரியார்ட்டி நேரடியாக வைல்டின் வழித்தோன்றல். இது என் ஊகமன்று. பின்னாளில் எழுதிய நாவல் ஒன்றில் ஷெர்லாக் ஹோம்ஸின் வாயாலேயே கானன் டாயில் இந்த ஒப்பீட்டைச் சொல்கிறார். லண்டன் குற்றவாளிகளுக்குத் தன் மூளையை 15 விழுக்காடு தரகுக்கு விற்றவன் வைல்ட் என்பது ஹோம்ஸின் விளக்கம். 1893இல் மோரியார்ட்டி முதன்முதலாக வரும் கதையை மீண்டும் எடுத்துப் பாருங்கள். அவன் எந்தக் குற்றத்தையும் நம் கண்முன் செய்வதில்லை. அவன் எவ்வளவு பயங்கரமானவன் என்று ஹோம்ஸ் சொல்கிறார், வாட்சன் கேட்கிறார், நாம் நம்புகிறோம். அவன் ஒரே ஒரு பூட்டைத் தன் கையால் திறப்பதைக் காட்டியிருந்தாலும் அந்த அச்சத்தில் பாதி கரைந்திருக்கும்.

வைகைக்கரை (மறுமொழி)

மேலே உள்ள விளக்கத்தின் மையக் கருத்தை ஏற்கிறேன். ஆனால் அதற்கு லண்டனைப் பிறப்பிடமாக வைப்பதை ஏற்கவில்லை. தொழில்திறனைக் காட்டித் திருடன்மேல் விருப்பத்தை உண்டாக்கும் உத்தி அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சூத்திரகரின் மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தில் முழு உருவில் இருக்கிறது. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் இதை மண்ணியல் சிறுதேர் என்று தமிழாக்கியிருக்கிறார். அதன் மூன்றாம் அங்கத்தில் சர்விலகன் என்ற அந்தணன் சாருதத்தன் வீட்டுச் சுவரில் கன்னம் வைக்க வருகிறான். எந்த இடத்தில் செங்கல் உப்பரித்து இளகியிருக்கிறது என்று தடவிப் பார்க்கிறான். துளையைத் தாமரை வடிவில் இடுவதா, பிறைநிலா வடிவில் இடுவதா, நிறைகுட வடிவில் இடுவதா என்று ஆராய்கிறான். அளவுநூலை மறந்து வந்துவிட்டதால் தன் பூணூலையே அளவுநூலாக்கிக்கொள்கிறான். நாளைக் காலையில் அக்கம்பக்கத்தார் வந்து இந்த வேலையின் நிறைகுறைகளைப் பேசுவார்கள் என்று கலைஞனுக்குரிய கவலையும் படுகிறான். விடிந்ததும் களவு கொடுத்த சாருதத்தனே சுவர்த்துளையின் அழகை வியந்து நிற்கிறான். இதைவிட வெளிப்படையாக ஓர் ஆசிரியர் தம் வாசகரின் நிலையை மேடையில் நிறுத்திக் காட்ட முடியாது.

அவனுக்குக் காரணமும் உண்டு. அடிமைப் பெண்ணான மதனிகையை விலைகொடுத்து மீட்கவே திருடுகிறான். ஆனால் அந்தக் காரணத்தைவிடப் பூணூல்தான் நம் நினைவில் நிற்கிறது.

காஞ்சியைக் களமாகக் கொண்டு மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்திலும் களவுநூல் இயற்றிய கரபடருக்கு வணக்கம் என்று ஒரு நையாண்டி வருகிறது. களவை நூல்வழி கற்கும் ஒரு கலையாகப் பேசுவது அந்தக் காலத்துப் பார்வையாளர்களுக்குப் பழகிய வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

இனி என் மறுப்புக்கு வருகிறேன். வேலையை விரித்துச் சொன்னால் வாசகர் திருடன் பக்கம் சாய்வார் என்பது எப்போதும் உண்மையா? சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் பாருங்கள். கோவலனைக் கொல்ல வந்த காவலர்கள் அவனைக் கண்டதும் தயங்குகிறார்கள். இவன் தோற்றத்தைப் பார்த்தால் ‘கொலைப்படு மகனலன்’ என்று சொல்லியும் விடுகிறார்கள். அப்போது பொற்கொல்லன் ஏளனமாகச் சிரித்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குத் துணையாகும் எட்டையும் ஒவ்வொன்றாக விரிக்கிறான். தூதர் கோலத்தில் பகலில் வாயிலில் இருந்து, இரவில் பெண் கோலத்தில் உள்ளே புகுந்து, உறங்கும் இளவரசனின் மார்பிலிருந்து ஆரத்தைக் கவர்ந்த ஒரு கள்வனின் கதையையும் சொல்கிறான். அதைக் கேட்ட இளைய காவலன் ஒருவன், மழைக்கால நள்ளிரவில் உளியும் நீல ஆடையுமாக வந்து தன் வாளையே பறித்துப் போன கள்வனைப் பற்றித் தன் பங்குக்கு ஒன்று சொல்கிறான். அடுத்து ஒரு குடியன் வாளை எறிந்துவிடுகிறான்.

களவுத்தொழிலின் நுட்பம் இவ்வளவு விரிவாகச் சொல்லப்படும் இடத்தில் களவே செய்யாதவன் வெட்டுண்டு கிடக்கிறான். உண்மைக் கள்வனோ அந்த விரிவுரையை நிகழ்த்திக்கொண்டிருக்கிறான். ஆகவே கள்வன் என்ற வார்ப்பு ஒரு பாத்திரம் மட்டுமல்ல, யார்மேல் வேண்டுமானாலும் எடுத்துப் போர்த்தக்கூடிய சட்டை. சர்விலகனைப் பற்றி நாம் அறிவது அவன் செய்யும்போது அறிவது. கோவலனைப் பற்றிக் காவலர்கள் அறிந்தது பிறர் சொல்லி அறிந்தது. பழைய அலமாரி அவர்கள் சொன்ன மோரியார்ட்டியும் பிறர் சொல்லி நாம் அறிந்தவன்தானே.

தோற்றத்தைக் கண்டு தயங்கிய காவலரையும் மறக்காதீர்கள். குற்றவாளியை உடலமைப்பிலேயே அடையாளம் காணலாம் என்று லொம்ப்ரோஸோ இத்தாலியில் 1876இல் நூல் எழுதினார். 1897இல் பிராம் ஸ்டோக்கரின் மீனா, டிராகுலாவைக் குற்றவாளி வகையைச் சேர்ந்தவன் என்று அதே லொம்ப்ரோஸோவின் பெயரைச் சொல்லியே வகைப்படுத்துகிறாள். மதுரைக் காவலர்கள் அதே அளவுகோலை வைத்துச் சரியான முடிவுக்கே வந்தார்கள், ஒரு கதை கேட்டதும் அதைக் கைவிட்டார்கள்.

பனிக்குடை (மறுமொழி)

இருவரும் ரஸ்கோல்னிகோவைத் தொடாமல் போய்விட்டீர்கள். கேள்வி கேட்டவர் அதிகம் தடுமாறியது அவனிடம்தான் என்று நினைக்கிறேன்.

அவனிடத்திலும் வேலை அருகிலிருந்து காட்டப்படுகிறது. தன் வீட்டு வாசலிலிருந்து வட்டிக்காரக் கிழவியின் வீடு வரை 730 அடிகள் என்று எண்ணி வைத்திருக்கிறான்; கோடரியைத் தொங்கவிட மேலங்கிக்குள் துணி வளையம் ஒன்று தைத்துக்கொள்கிறான். ஆனால் இது திறமையின் காட்சியன்று. எல்லாம் பிழையாகிறது. எடுக்க நினைத்த கோடரி இடத்தில் இல்லை, வேறொன்றை எடுக்கிறான். கதவைத் தாழிடாமல் விட்டதால் உள்ளே வந்த கிழவியின் தங்கை லிசவேத்தாவையும் கொல்ல நேர்கிறது. எடுத்த பணப்பையைத் திறந்துகூடப் பார்க்காமல் கல்லுக்கடியில் புதைக்கிறான். ஷெப்பர்டையோ சர்விலகனையோ வியப்பதைப் போல இவனை வியக்க ஒன்றுமில்லை.

அப்படியானால் நம்மை அவனோடு கட்டிப்போடுவது எது? கொலை முடிந்து அவன் உள்ளே நிற்கும்போது வெளியே இருவர் வந்து கதவைப் பிடித்து இழுக்கிறார்கள், கொக்கி குதிக்கிறது. அந்தப் பக்கத்தை வாசிக்கும் எவரும் கதவு திறந்துவிடக் கூடாதே என்றுதான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். அறைக்குள் இரண்டு பெண்கள் இறந்து கிடக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் அஞ்சுவது கொலைகாரனுக்காக. எனவே வேலைத்திறன் என்பதைவிட, கதவின் எந்தப் பக்கத்தில் கதை நம்மை நிறுத்துகிறது என்பதே முதன்மை என்று நான் சொல்வேன். திறமை அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். நான்கு ஆண்டுகள் ஓம்ஸ்க் சிறையில் கொலையாளிகளோடு படுத்து எழுந்த தஸ்தயேவ்ஸ்கிக்குத் திருட்டையும் கொலையையும் கலையாகப் பார்க்க மனம் வரவில்லை போலும்.

மேடைப்பிரியன் (மறுமொழி)

வால்ழான் பற்றி ஒரு சிறு சேர்க்கை. வித்தோக் என்ற பிரெஞ்சுக்காரர் பலமுறை சிறையுடைத்தவர். பிறகு காவல்துறைக்கு உளவு சொல்லத் தொடங்கி, பாரிஸ் குற்றப்புலனாய்வுப் பிரிவின் முதல் தலைவராகவே ஆனவர். அவர் பெயரில் 1828இல் நினைவுக்குறிப்புகள் வெளிவந்தன. பால்சாக்கின் நாவல்களில் வரும் வோத்ரேன் அவர் சாயலில் எழுந்தவன். அவனும் கடைசியில் காவல்துறைக்கே போய்ச் சேர்கிறான். ஹ்யூகோவோ இந்த ஒரே மனிதரை இரண்டாகப் பிளந்து, ஓடுபவனை வால்ழானாகவும் துரத்துபவனை ஜாவேராகவும் ஆக்கினார் என்று இலக்கிய வரலாற்றில் சொல்வதுண்டு. நாவலை வாசிக்கும்போது இருவரும் ஒருவரையொருவர் விடவே முடியாமல் இருப்பதற்கு இது நல்ல விளக்கம்.

தமிழில் இந்தக் கதை ஏழை படும் பாடு என்று 1950இல் திரைப்படமானபோது நாகையா வால்ழான் வேடம் ஏற்றார். ஆனால் வேடத்தின் பெயர் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது துரத்தியவருக்கு. அன்று முதல் அவர் ஜாவர் சீதாராமன். குற்றவாளியின் பக்கம்தான் எப்போதும் சாய்கிறோம் என்று நாம் எண்ணிக்கொள்வதற்கு இது ஓர் இடையூறு.

தாழ்வாரம்

எதிர்பார்த்ததைவிட விரிவான விடைகள், நன்றி. கதவின் எந்தப் பக்கம் என்ற கேள்வியோடு நால்வரையும் மறுபடி வாசிக்கப் போகிறேன். பின்தொடர்ச்சியாக ஒன்று: அருகிலிருந்து காட்டுவதால் வாசகர் சாய்ந்துவிடுகிறார் என்றால், எழுதுபவர்மேல் அதற்கான பழி எவ்வளவு? எங்கள் வட்டத்தில் மூத்தவர் ஒருவர், இப்படி எழுதுவதே தவறு என்று உறுதியாகச் சொல்கிறார்.

பழைய அலமாரி (மறுமொழி)

உங்கள் மூத்தவர் தனியாக இல்லை. 1839இல் ஐன்ஸ்வொர்த் என்பவர் ஜாக் ஷெப்பர்டின் கதையை நாவலாக்கினார். டிக்கன்ஸின் ஆலிவர் ட்விஸ்ட் வெளிவந்த அதே இதழில், அதே ஓவியர் குரூக்ஷாங்கின் படங்களோடு அது தொடராக வந்தது. நாவல் அலை அலையாக மேடை நாடகங்களாகியது. அடுத்த ஆண்டு வில்லியம் ரஸல் பிரபுவை அவருடைய பணியாளர் குர்வாஸியே கழுத்தறுத்துக் கொன்றபோது, அந்த நாவல்தான் தூண்டியது என்று அவரே கூறியதாகச் செய்தி பரவ, ஷெப்பர்ட் பெயரில் புதிய நாடகங்களுக்கு உரிமம் வழங்குவதே நின்றுபோனது. ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே இந்த வகை நாவல்களைக் கடுமையாகச் சாடி, கொலைகாரியைக் கொஞ்சமும் அழகுபடுத்தாமல் காட்டுவதற்கென்றே ஒரு நாவலும் எழுதினார். தன்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்களே என்ற சினத்தில் டிக்கன்ஸ் 1841 பதிப்பின் முன்னுரையில், தம் திருடர்கள் குதிரையில் நிலவொளியில் பவனி வருபவர்கள் அல்லர், குளிரிலும் அழுக்கிலும் பசியிலும் ஒளிந்து திரிபவர்கள் என்ற பொருளில் வாதாட வேண்டியிருந்தது. அவர் சொன்னது உண்மை. ஆனாலும் ஃபேகின் சிறுவர்களுக்குச் சட்டைப்பையில் கைவிடப் பழக்கும் விளையாட்டைப் படித்து ஆலிவரோடு சேர்ந்து சிரிக்காதவர் யார்?

கானன் டாயிலின் மைத்துனர் ஹோர்னங் 1890களின் இறுதியில் ராஃபிள்ஸ் என்ற பண்பட்ட திருடனைப் படைத்தபோது டாயிலும் உங்கள் மூத்தவரைப் போலவே பேசினார். குற்றவாளியை நாயகனாக்கக் கூடாது என்பது அவர் தம் நினைவுநூலில் எழுதிவைத்த கருத்து. 1934 முதல் ஹாலிவுட்டில் கண்டிப்போடு நடைமுறைக்கு வந்த தணிக்கை விதிகளும் பார்வையாளரின் பரிவு குற்றத்தின் பக்கம் போகக் கூடாது என்றுதான் விதித்தன.

என் சொந்த நிலைப்பாடு, இவர்கள் தவறான பாத்திரத்தின்மேல் கவலைப்பட்டார்கள் என்பது. ஷெப்பர்டை நேசித்த வாசகர் மறுநாள் பூட்டை உடைக்கப் போவது அரிது. வைகைக்கரை அவர்கள் சொன்ன பொற்கொல்லனின் கதையைக் கேட்டு, எதிரே நிற்பவனைக் கள்வன் என்று நம்பி வாளை எறிவது அப்படி அரிதன்று. ஒருபோதும் நேரில் காட்டாமல், பிறர் சொல்லியே அச்சமூட்டும் குற்றவாளியை எழுதுபவரிடம்தான் நான் கூடுதலாகக் கணக்குக் கேட்பேன். உங்கள் வட்டம் இதுவரை ஆண்களையே வாசித்திருப்பதால், அடுத்ததாக டீஃபோவின் மோல் ஃபிளாண்டர்ஸை எடுத்துப் பாருங்கள். 1722இல், ஷெப்பர்ட் பிடிபடுவதற்கு முன்பே, நியூகேட்டில் பிறந்த ஒரு திருடி தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்கிறாள். மூத்தவர் அதைப் படித்தபின் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.